பதிவு செய்தவர்கள் நாற்பத்திரண்டு பேர்

"பதிவு பண்ணினது நாற்பத்திரண்டு பேர். வந்தது ஒன்பது பேர். அதுலயும் ஒருத்தர் மழைக்கு ஒதுங்கினவர்" என்றார் துறைத் தலைவர்.

அவள் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் புதன்கிழமைதோறும் நடக்கும் இலவசப் பேச்சுகளுக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. பேச்சாளரை அழைப்பது, போஸ்டர் ஒட்டுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, நாற்காலி போடுவது, போட்ட நாற்காலியை எடுத்து வைப்பது, எல்லாம் அவளே. வரலாறு, இலக்கியம், தத்துவம் என்று வாரம் ஒரு தலைப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். பெயரையும் போன் நம்பரையும் முன்கூட்டியே பதிவு செய்தால் போதும்.

இன்றைக்குப் பழைய நிலப்படங்களைப் பற்றிப் பேச வந்தவர் ஆறு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார். மேடையேறியதும், "இன்னும் கொஞ்சம் பேர் வரட்டுமே" என்றார். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வந்தது மழைக்கு ஒதுங்கினவர்தான்.

"முப்பது பதிவுக்குக் குறைஞ்சா தொடரையே மூடிடணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்றார் துறைத் தலைவர். "வருஷ ஆரம்பத்துல பத்து, பன்னண்டுன்னு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. அப்புறம் எப்படியோ நாற்பதுக்கு ஏறிச்சு. பேரு ஏறுது, ஆள் ஏறலையே. என்னதான் பண்றீங்க நீங்க?"

தொடரை மூடினால் அவள் வேலையும் போகும். தற்காலிக வேலைதான்.

வீட்டுக்கு வந்தால், கணவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

"இன்னிக்கும் காலிதானா?"

"உங்களுக்கு நக்கலா இருக்கு, இல்ல? ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்திருக்கீங்களா?"

"நான் வந்தா குறட்டை விடுவேன். உனக்குத்தான் அசிங்கம்."

"வராதவங்க எதுக்குங்க பேரைக் குடுக்கணும்? நாளைக்கு லிஸ்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேட்கப் போறேன். ஒழுங்கா பதில் சொல்லாதவங்க பேரை அடிச்சுட்டுத்தான் மறுவேலை."

அவர் டிவியிலிருந்து திரும்பினார். "உனக்கு வேற வேலையில்லையா? பதிவு பண்றாங்கள்ல, அதோட விடேன்."

"நாற்காலி தூக்குறது நீங்களா, நானா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவள் வேலையைப் பற்றி இந்த மனுஷன் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் காலை, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு நர்ஸ்.

"நேத்து எனக்கு டியூட்டி மேடம்."

"டியூட்டின்னு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்…"

"அப்புறம் எதுக்குப் பதிவு பண்ணீங்க?"

"அது வந்து மேடம்… டாக்டர் கூப்பிடுறாரு, வெச்சுடறேன்."

அவள் சிவப்பில் ஒரு கோடு போட்டாள்.

அடுத்து ஒரு பேக்கரிக்காரர்.

"பேச்சா? எந்தப் பேச்சு? ஓ, அதுவா! அருமையா இருந்துச்சு மேடம். நிலத்தைப் பத்தி அவர் சொன்னதெல்லாம் அப்படியே மனசுல நிக்குது."

"நீங்க வரவே இல்லையே சார்."

"அடுப்புல ரொட்டி கருகுது மேடம்."

இன்னொரு கோடு. இப்படியே பதினாறு பேர். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு எங்கே நடந்தது என்றே தெரியவில்லை. ஒருவர் 'ராங் நம்பர்' என்று தன் குரலையே மாற்றிப் பேசிப் பார்த்தார். பேசிப் பேசி அவள் தொண்டை வறண்டுவிட்டது. ஊரே கூடிப் பேசிவைத்துக்கொண்டு தன்னை முட்டாளாக்குகிறது என்று தோன்றியது.

பதினேழாவது ஆள் ஒரு பெண்மணி.

இந்தத் தடவை அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பல்கலைக்கழகத்திலிருந்து பேசறேன். நேத்து நீங்களும் வரலை. இதுக்கு முன்னாடி மூணு வாரமும் வரலை. உண்மையைச் சொல்லுங்க, எங்களைப் பார்த்தா உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?"

"கோவிச்சுக்காதேம்மா" என்றது அந்தக் குரல், நிதானமாக. "எனக்கு அறுபது வயசாகுது. இந்த வயசுல பொய் சொல்ல வரலை. புதன்கிழமை அந்த நேரம் எனக்கு கார் ஓட்டக் கத்துக்கற கிளாஸ்."

"அப்ப எதுக்கு ஒவ்வொரு வாரமும் பேரைக் குடுக்கறீங்க?"

"குடுக்கலேன்னா எங்க மாஸ்டர் கார் சாவியைத் தர மாட்டாரும்மா. நர்ஸாகட்டும், கடைக்காரராகட்டும், கிளாஸுக்கு வர்ற எல்லாருக்கும் அதே சட்டம்தான். போனை எடு, பேரைப் பதிவு பண்ணு, காட்டு, அப்புறம்தான் ஸ்டீயரிங்குல கை வைக்கலாம்."

அவள் கையிலிருந்த பேனா நின்றது.

"எதுக்கு மாஸ்டர்னு கேட்டேன். 'ஒத்த ஆளா நின்னு மாரடிக்கிறா. என்னால அங்க போய் உட்கார்ந்து கேட்க முடியாது, கேட்டாலும் புரியாது. பேராவது சேர்க்கறேனே'ன்னாரு."

"யாரு… யாரு மாரடிக்கிறாங்களாம்?"

"அவரோட சம்சாரம்மா. உங்க பல்கலைக்கழகத்துலதான் ஏதோ வேலை பார்க்குதாம். நீ எங்களை என்ன வேணாலும் திட்டிக்க. ஆனா அந்தப் பொண்ணு காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாதுன்னு எங்ககிட்டயெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்காரு. நீ கொஞ்சம் பார்த்துக்கம்மா."