மூன்றாவது தகடு

பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது என்றார் காரின் சொந்தக்காரர். இடித்தால் தகடு உள்ளேதானே போகும்? அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கத் தகடு வெளியே புடைத்திருந்தது. நமக்கெதற்கு வம்பு என்று அறுத்தெடுத்தேன். டிக்கி காலியாக இருந்தது. ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு முறை வெட்டி வெல்டு வைத்த தழும்புகள்.

புதுத் தகட்டை வெல்டு வைத்தேன். சீட்டைக் கழற்றிவிட்டு மச்சான் உள்ளே புகுந்து இரும்புக்கட்டையால் முட்டுக்கொடுத்தான். நான் வெளியே குனிந்து சுத்தியலால் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஓர் அடிக்கு இரண்டு அடி திரும்பி வந்தது.

"டேய், பிடிக்கச் சொன்னா அடிக்கிறியா?"

எனக்கு வெறி ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அறைந்தேன். உள்ளேயிருந்தும் அதே வெறியோடு விழுந்தது. என் மூக்குக்கு நேரே, ஒரு கைமுஷ்டியின் நான்கு முட்டிகளும் தெரியத் தகடு புடைத்தது.

"யாரை மாமா திட்டுறீங்க?"

திரும்பினேன். பட்டறை வாசலில் மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தான். இரும்புக்கட்டை அவன் கக்கத்தில் இருந்தது.

உள்ளே அடி நிற்கவில்லை. நாற்காலியில் இருந்த சொந்தக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த தகட்டை இன்னும் கனமாப் போடுங்க" என்றார்.