சாரி, சிஸ்டர்

"இவ வாயில சாரியைத் தவிர வேற எதுவுமே வராதா?"

அந்த நர்ஸின் காதில் விழட்டும் என்றுதான் அத்தை சொன்னார்.

குழந்தைகள் வார்டில் இரண்டாவது நாள். என் எட்டு மாதப் பிள்ளை கட்டிலில் துவண்டு கிடந்தான். முந்தின நாள் மத்தியானம் தூங்கினவனைச் சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தோம்.

"வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லையே டாக்டர்," என்றேன்.

வரும்போது முனகிக்கொண்டாவது இருந்தான். அந்த நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அதன் பிறகு முனகலும் நின்றுபோனது.

குத்தும்போது பிள்ளையிடம் "சாரி குட்டி" என்றாள். கட்டிலை இடித்தால் சாரி. நாம் பேசுவது காதில் விழாவிட்டால், "சாரி?"

எங்கள் கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சர் அந்த வார்த்தையை எங்கெங்கே சொல்ல வேண்டும் என்று போர்டில் எழுதிப்போட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார். தப்பு செய்தால். குறுக்கே போனால். காதில் விழாவிட்டால். யாராவது செத்துப்போனால். எனக்குப் பத்துக்குப் பத்து.

"பிள்ளை பொழைச்சு வரட்டும்," என்றார் அத்தை, இந்த முறை என்னிடம். "இனிமே உன்கிட்ட விடறதா இல்ல. என் பொண்ணு வளர்ப்பா. நீ மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. ஒரு பிள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்ல, பெரிய படிப்பு!"

நர்ஸ் டிரிப்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

காலை பத்து மணிக்குப் பக்கத்து அறை வாசலில் டாக்டர் நின்று மெதுவாக "சாரிம்மா" என்றார். அங்கே இருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

ஐந்து நிமிஷத்தில் நர்ஸ் நேராக என்னிடம் வந்தாள்.

"சாரி..."

சட்டென்று பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தேன்.

"...கொஞ்சம் நகருங்க. துணி நனைஞ்சிருக்கு. மாத்துத்துணி எங்க?"

கட்டிலுக்கடியில் இருந்த பையைக் கை காட்டினேன். காட்டின பிறகுதான் திக்கென்றது.

அவள் குனிந்து கையை விட்டாள். துணி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையில் எதையோ துணியோடு சுருட்டிக்கொண்டு, பிள்ளைக்கு மாற்றாமலே விறுவிறுவென்று வெளியே போனாள்.

"பார்த்தியா திமிரை!" என்றார் அத்தை.

டாக்டர் ஓடிவந்தார். ரத்தம் எடுத்தார்கள். டிரிப்ஸை மாற்றினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். டாக்டர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கணவருக்குப் பொறி தட்டியது. "மருந்தை மாத்தறாங்கன்னா முதல்ல போட்டது தப்புதானே?"

அவ்வளவுதான், வார்டே கூடிவிட்டது. தலைமை நர்ஸம்மா வந்தார். நடுவில் அவளை நிறுத்தினார்கள்.

"நீதானே தப்பா ஊசி போட்டே?" கணவர் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார். "சொல்லு. எம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

அவள் என்னைப் பார்த்தாள்.

நான் பிள்ளையின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாரி சார்," என்றாள்.

"ஒத்துக்கிட்டா பாரு!" என்றார் அத்தை.

தலைமை நர்ஸம்மா அவளை அங்கேயே மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார். இனிமேல் அவளுக்குக் குழந்தைகள் வார்டில் வேலை இல்லை என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். ஆறு வருஷமாக அந்த வார்டிலேயே இருந்தவளாம்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை கண் திறந்தான். வீறிட்டு அழுதான். அந்தச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கணவர் எல்லோருக்கும் போன் பண்ண வெளியே போனார். அத்தை முகம் கழுவப் போனார்.

அப்போதுதான் அவள் வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். மடித்த துணியை என் கையில் வைத்தாள். உள்ளே கனமாக என்னவோ.

எனக்குத் தெரியும். சளி மருந்து பாட்டில். வீட்டில் அத்தை கண்ணில் படக்கூடாது என்று பையின் அடியில் நானே திணித்தது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டேன். உங்க வீட்ல சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்," என்றாள். "எவ்ளோ குடுத்தீங்க?"

"ஒரு மூடி நிறைய... மாமா மத்தியானம் தூங்கும்போது பிள்ளை அழக்கூடாது சிஸ்டர். அழுதா சுவத்துல தட்டுவார். அப்புறம் ராத்திரி வரைக்கும் வீடு வீடா இருக்காது. தூங்கட்டும்னுதான்..."

"எங்க வீட்லயும் ஒரு மாமா மத்தியானம் தூங்குவார்," என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "இனிமே வேணாம். அழுதா அழட்டும்."

பாட்டிலைத் திருப்பினேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி எழுத்து இங்கிலீஷில் இருந்தது. பத்துக்குப் பத்து வாங்கினவளுக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

நிமிர்ந்தேன். அவள் எனக்காக ஒரு நிமிஷம் நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. நாலு இடத்தில் சொல்லலாம் என்று படித்த வார்த்தை. உதடு வரைக்கும் வந்தது.

கதவருகே அத்தையின் செருப்புச் சத்தம்.

பாட்டிலைச் சட்டென்று துணிக்குள் சுருட்டினேன். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு அத்தையைத் தாண்டிப் போனாள்.

"இன்னும் என்னவாம் அவளுக்கு?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை," என்றேன். "சாரி சொல்லிட்டுப் போறா."