இத்தா முடிந்த மறுநாள்

கணவர் மௌத்தாகி, வெளி ஆண்கள் முகம் பாராமல் இத்தா இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஸுபைதாவுக்கு அந்த அறையும், தலைக்கு மேலே கடகடவென்று கத்தும் ஃபேனும்தான் துணை. மாத்தளை வெக்கையில் அதை நிறுத்தவும் முடியாது. ஓடவிட்டால் கண்ணை மூடவும் முடியாது.

"மகன், ஒரு வயரிங் பாஸக் கூட்டி வந்து இதச் செஞ்சி தாங்களேன்," என்று றுஸ்தியிடம் கேட்டாள்.

"இத்தா முடியட்டும் உம்மா. அந்நிய ஆம்புளய எப்படி உள்ளுக்கு எடுக்கிற?"

"நான் குசினிக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கேனே."

"மார்க்க விஷயத்துல வெளயாட ஏலாது உம்மா."

பிள்ளையின் பேணுதலை நினைத்து அவள் பூரித்துப்போனாள். சத்தத்தையும் பொறுத்துக்கொண்டாள்.

இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே றுஸ்தி வயரிங் வேலை செய்யும் பாஸோடு வந்து நின்றான். பெயாரிங்கை மாற்றியதும் ஃபேன் பூனை நடப்பதுபோல் சுற்றியது. ஸுபைதா கையேந்தி மகனுக்காக துஆக் கேட்டாள். கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

பேச்சுக்குரல் கேட்டு விழித்தபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் கட்டிலருகே நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸுபைதா பதறிப்போய் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"சத்தமே இல்ல. அடுத்த மாசமே குடி வாறோம்," என்றார் அவர், பக்கத்தில் நின்ற றுஸ்தியிடம்.

அவர் போனதும் ஸுபைதா மகனைப் பார்த்தாள். "அப்ப நான்?"

"எங்கட ஊட்டுப் பின்னால ஸ்டோர் ரூம் சும்மாதானே கெடக்குது," என்றான் றுஸ்தி. "அங்க ஃபேனே இல்ல உம்மா. ஒங்களுக்குச் சத்தத் தொந்தரவே இரிக்காது."