பதினோராம் இலக்க ஜேர்சி

"அதைக் கீழ இறக்கு தம்பி," என்றார் இரஞ்சிதம்.

மைக் அவருடைய முகத்துக்குக் கிட்ட இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

விளையாட்டுக் கழகச் செயலாளர் கிருசாந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரைச்சீலையை இரஞ்சிதம் இழுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கழகக் கட்டடத்தின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பதினோராம் இலக்க ஜேர்சி. அதற்குக் கீழே இரஞ்சிதத்தின் மகனின் பெயர்: நிமலரூபன்.

"எதை அம்மா?"

"உந்தச் சட்டையைத்தான்."

எல்லாம் அனோஜனால் வந்தது. கழகத்தின் பழைய கோல்கீப்பர். ரொறன்ரோவில் இருந்து மூன்று கிழமைக்கு முன்னர் லீவில் வந்தவன். இப்போது அவனுடைய வாயில் உதைபந்தாட்டமே வருவதில்லை. ரொறன்ரோவின் பேஸ்போல் அணி, அதன் ஆட்டக்காரர், அவர்கள் அடித்தது, பிடித்தது, இதுதான் காலையும் மாலையும்.

"எங்கட டீம் 92இலயும் 93இலயும் வேர்ல்ட் சீரிஸ் வெண்டதடா."

"வேர்ல்ட் எண்டா எத்தினை நாடு?"

"அமெரிக்காவும் கனடாவும்."

"அப்ப நாங்கள் பக்கத்து ஊர் ஒட்டுசுட்டானோட விளையாடினா அதுவும் வேர்ல்ட் சீரிஸ்தான்!" என்றான் கிருசாந்தன். பெடியள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அனோஜன் விடவில்லை. "சிரியாதை. அங்க ஒரு வழக்கம் இருக்கு. பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் போட்ட இலக்கத்தை எடுத்து வைச்சிட்டா, பிறகு ஒருத்தரும் அதைப் போடேலாது. 42ஐ ஒரு டீமும் புதுசா ஒருத்தருக்கும் குடுக்காது. கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில முதல் இறங்கி விளையாடின மனிசன்ர இலக்கம் அது."

கிருசாந்தனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நிமலுக்கு அப்பிடிச் செய்வமோ?"

நிமலரூபன் இந்த மைதானத்தின் பதினோராம் இலக்கம். அவன் இடது காலால் அடித்தால் எதிர் கோல்கீப்பர் பந்தைத் தேட மாட்டான், திரும்பி வலையைத்தான் பார்ப்பான். 2009இல், யுத்தம் முடிந்த நேரம், ஆமி கொண்டுவந்த ஒரு பஸ்ஸில் ஏறிப் போனவன். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

கழகத்தின் நிறத்திலேயே புது ஜேர்சி தைப்பித்தார்கள். முல்லைத்தீவில் சட்டம் அடிப்பித்தார்கள். தண்ணீரூற்றில் இருந்து இந்த வருடம் வந்து சேர்ந்த நாஸிம், அவனும் இடது காலன், பதினொன்றைக் கேட்டபோது கிருசாந்தன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டான். "அது இனி ஒருத்தருக்கும் இல்லை." நாஸிம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருபத்து மூன்றை வாங்கிப் போனான்.

இன்று இறுதிப் போட்டி. ஆட்டத்துக்கு முன்னர் இந்த நிகழ்ச்சி. இரஞ்சிதம்தான் பிரதம விருந்தினர். மாலை போட்டு, முன்வரிசையில் இருத்தி, எவ்வளவு ஆசையாகச் செய்தது!

"எவ்வளவு பாடுபட்டுச் செய்ததுகள். மனிசிக்கு மண்டைக்கனத்தைப் பார்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எங்கட பிள்ளையளுக்கு ஆர் உப்பிடிச் செய்தவை?" என்றாள் இன்னொருத்தி.

அனோஜன் மைக்கை மெல்ல நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தான்.

"அம்மா, இது பெரிய மரியாதை. எங்கட ரொறன்ரோ டீமில 32ஆம் இலக்கம் இருந்தது. பந்தெறியிறவர். பிளேன் விழுந்து செத்துப்போனார். அடுத்த வருசம் அந்த இலக்கத்தை எடுத்து மேல ஏத்தினவை. அவ்வளவு சனமும் எழும்பி நிண்டது."

இரஞ்சிதம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு கிடைச்சதோ?"

அனோஜன் திகைத்துப்போனான். "ஓம் அம்மா. கடலில விழுந்தது. எடுத்தவை."

"மற்றவர்? அந்த நாப்பத்திரண்டு?"

"அவரும் செத்துக் கனகாலம்."

"உயிரோட இருக்கிற ஆக்களுக்குச் செய்யிறேல்லையோ?"

"செய்யிறதுதான். ஆனா..." அவன் கிருசாந்தனைப் பார்த்தான். "இனி விளையாட வராத ஆக்களுக்குத்தான் அம்மா."

"சரி," என்றார் இரஞ்சிதம். வேறொன்றும் கேட்கவில்லை. "கிருசாந்தன், கழட்டு."

நடுவர் ஒருதரம் விசில் ஊதிப் பார்த்தார். கிருசாந்தன் கதிரையில் ஏறிச் சட்டத்தை இறக்கினான். திருப்பாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜேர்சியை வெளியே எடுத்தான். நிமலோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே சைக்கிளில் மைதானத்துக்கு வந்தவன். தான் செய்ததில் என்ன பிழை?

"வீட்டில கொண்டுபோய் வைக்கப்போறா போல," என்று ஆரோ சொன்னார்கள்.

இரஞ்சிதம் ஜேர்சியை வாங்கினார். தூசி ஒன்றும் இல்லாத சட்டையை ஒருதரம் உதறினார். வாசல் பக்கம் போகவில்லை. மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, ஆட்டக்காரர் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்தார். கிருசாந்தனும் பின்னால் ஓடினான்.

"இதில இடது காலால அடிக்கிற பிள்ளை ஆர்?"

நாஸிம் பயந்துபோய் எழுந்தான். "நான்தான் அம்மா."

"உதைக் கழட்டிப்போட்டு இதைப் போடு."

"அது... அது ஒருத்தருக்கும் இல்லையெண்டு அண்ணை சொன்னவர்."

"அண்ணைக்கு நான் சொல்லுறன். நீ போடு."

நாஸிம் கிருசாந்தனைப் பார்த்தான். கிருசாந்தன் தலையாட்டினான்.

தோளில் கொஞ்சம் பெரிது. இரஞ்சிதம் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, முதுகில் இருந்த இலக்கத்தைக் கையால் தடவி நேராக்கினார்.

"நல்லா விளையாடு ராசா. ஆனா இது இரவல்தான், என்ன? அவன் வந்து கேட்டா உடன கழட்டிக் குடுத்திட வேணும்."