ராட்சசனுக்குக் கை நீளம்

"அஞ்சடி பின்னால வச்சா அடி விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லு."

போனில் துர்காவின் குரலைக் கேட்டதும் ஜெஸ்வின் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். கல்யாணமாகிப் போய் இரண்டு வருஷம்! ஒரு சௌக்கியமா கிடையாது, ஒன்றும் கிடையாது. நேராக ஆட்டத்துக்கு நடுவில் வந்து குதிக்கிறாள்.

"துர்காவா? உயிரோடதான் இருக்கியா நீ?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி, ஜெஸ்ஸி."

"என்னது, டீயா? கல்யாணம் ஆனதும் கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு!"

அவன்தான் சிரித்தான். அவள் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது.

சாப்பாட்டு மேசை முழுக்க அந்த ஆட்டம்தான் விரிந்து கிடந்தது. கட்டம் போட்ட சார்ட் பேப்பர், ஆளுக்கொரு வீரன், பகடை சொல்கிறபடி சண்டை. காலேஜில் நாலு பேராக ஆரம்பித்தது. ரூல் புத்தகம் கலைவாணன் எங்கிருந்தோ ஜெராக்ஸ் எடுத்து வந்தது. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார்கள். தீர்ப்புச் சொல்லும் நடுவர் ஜெஸ்வின்.

கலைவாணன் பெங்களூர் போய்விட்டான். வெற்றிச்செல்வன் பிரான்ஸ் மாப்பிள்ளையாகி அங்கேயே போய்விட்டான். துர்கா வாழ்க்கைப்பட்டது இதோ இருக்கிற முத்தியால்பேட்டையில்தான். ஜெஸ்வின் வீடு இருக்கிற குருசுக்குப்பத்துக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அவன் அம்மாவும் பாரீசில் இருக்கிற அக்கா வீட்டோடு போய்விட்டாள். வாரம் முழுக்க சேதராப்பட்டு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெஸ்வினுக்குப் பேச ஒரு ஆள் கிடையாது. எல்லார் காயையும் தானே நகர்த்திப் பார்ப்பான். கேவலமாக இருக்கும். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டானே தவிர, மேசையைக் காலி செய்ய மனசு வரவில்லை.

இன்றைக்குத்தான், போதும்டா சாமி என்று எல்லாவற்றையும் ஏறக்கட்ட ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்திருந்தான். அதற்குள் இந்த போன்.

"உன் ஆளு அதே இடத்துலதான் நிக்கறா, ராட்சசன் பக்கத்துல. நான் கையே வைக்கல" என்றான். ராட்சசன் என்பது கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து எடுத்த ஒட்டகம். வேறு பொம்மை கிடைக்கவில்லை.

"அதான் கேக்கறேன். எப்படித் தப்பிக்கறது?"

"ஒரு கட்டம், அதாவது அஞ்சடி, மெதுவா பின்னால வச்சா அடி இல்ல. ஆனா அந்தச் சுத்துல அவ்ளோதான். அதுக்கு மேல நகரக் கூடாது."

"அஞ்சடி வச்சுட்டு ஓடினா?"

"ஆரம்பிச்சுட்டியா! இதுக்குத்தான கலைவாணன் அந்த அடம் புடிச்சான்? ரெண்டையும் சேத்துச் செய்யக் கூடாது. ஓடறதுன்னா ஓடறது மட்டும்தான். திருப்பி அடிக்கக் கூடாது, நின்னு பேசக் கூடாது. அப்படி ஓடினா மொத கட்டம் தாண்டற வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

"அதுக்கப்புறம்?"

"சாதாரண ஆளுன்னா தப்பிச்சுடலாம்…"

"இவனுக்குக் கை நீளம், ஜெஸ்ஸி."

ஜெஸ்வினுக்குத் தலைகால் புரியவில்லை. மறக்கவில்லையே, பாவி! இத்தனை நாளும் இவளும் இதையே நினைத்துக்கொண்டிருந்தாளா?

"ஆமா, ராட்சசனுக்கு ரெண்டு கட்டம் எட்டும். இரு, பாக்கறேன்."

ஜெராக்ஸைப் புரட்டினான். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சந்தோஷமாகத் திரும்பி வருவாளோ என்று ஆசையாக இருந்தது. ஆனால் நடுவர் நடுவர்தான்.

"ஒரு அடி விழும், துர்கா. ஒண்ணே ஒண்ணு. ஒரு சுத்துல அவன் ஒரு தடவதான் அப்படி அடிக்க முடியும். வாங்கிக்கிட்டு நிக்காம ஓடினா, அப்புறம் அவன் கைக்குச் சிக்க மாட்டா."

டி.வி. சத்தத்துக்கு நடுவே யாரோ ஆம்பிளை இருமுவது கேட்டது.

"கையில மூட்டை இருந்தா வேகம் கொறையுமா?"

"மூட்டையா? அது எப்ப எடுத்த? எவ்ளோ கனம்?"

"ஒம்போது கிலோ இருக்கும்."

"லேசுதான், கொறையாது. என்ன, புதையலா?"

"ஆமாடி. புதையல்தான். இப்ப வந்தா வீட்ல இருப்பியா?"

"இப்பவா? வா, வா! எனக்கு வேற எங்க போக்கிடம்?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் உதைத்துத் தள்ளினான். ஒட்டகத்தின் மேலிருந்த தூசியை ஊதினான். மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீட்டில் எதிர் நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று! காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தான். பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தான்.

பால் பொங்குவதற்குள் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"வாங்க மேடம், உங்க ஆட்டம்தான்!" என்று சிரித்துக்கொண்டே திறந்தான்.

காலில் செருப்பில்லாமல், நைட்டி மேல் ஒரு துண்டோடு நின்றாள் துர்கா. இடது கண் வீங்கி மூடியிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருந்தது.

"ஆட வரலடா" என்றாள் மூச்சிரைக்க. "கதவச் சாத்து, எங்க வீட்டுக்காரரு தெருமுனைக்கு வந்துட்டாரு."