ஜன்னலோரக் கன்னம்

கைக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேடினால் தெரியும். அப்படித் தேடிப் பார்க்கக் கண் தெளிந்தவர்கள் இந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாக வெயில் உரிமையோடு வந்து கன்னத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் தாளிக்கும்போது கடுகு வெடித்துச் சிதறினாற்போல் பழுப்புப் புள்ளிகள். பணிமனையில் அவளுக்குப் பெயரே புள்ளிமான்.

தோல் டாக்டர் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டார். களிம்பு பாதி வேலைதான் செய்யும், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி. ஜன்னலை ஏற்றிவிட்டேன் என்று நினைக்கக் கூடாது, கண்ணாடியையும் தாண்டி வரும். அசந்தால் புள்ளி திரும்ப வந்துவிடும்.

அவள் அசரவில்லை.

வண்டி எடுப்பதற்குக் கால் மணி முன்னால் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, காது மடல், கழுத்து எதையும் விடாமல். இரண்டு மணி நேரம் கழித்து, கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் டீ குடிக்க இறங்கும்போது, இவள் இருக்கையிலேயே உட்கார்ந்து இன்னொரு முறை பூசுவாள். தலையில் தொப்பி. இரவில் களிம்பு. டீக்கடைப் பேச்சு அதோடு நின்றது. நின்றது யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததாகவும் தெரியவில்லை.

கண்டக்டர் மட்டும் ஒருநாள் கேட்டார்.

"புள்ளியெல்லாம் போயிட்டா வெறும் மான்தானே? அப்புறம் உன்னை என்னன்னு கூப்பிடறது?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்பத்தாறு வயசுல யாருக்குக் காட்ட இந்த மினுக்கு என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

இன்று வார விடுமுறை. வழக்கமில்லாத நடு வகிடு எடுத்துத் தலை வாரினாள். பக்கத்து அலமாரியிலிருந்து நீலப்பூ போட்ட உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அளவு கச்சிதமாக இருந்தது. இல்லாமல் எங்கே போகும்.

குழைத்த சோற்றுக் கிண்ணத்தோடு அம்மாவின் அறைக்குப் போனாள்.

அம்மாவுக்கு நினைவு பிசக ஆரம்பித்து மூன்று வருடம். வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டது அக்காதான். இவளுக்குப் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே அச்சு. வெயில் காணாத முகம் பெரியவள், புள்ளி விழுந்த முகம் சின்னவள். அம்மாவுக்கு அந்த ஒரு வித்தியாசம் மட்டும் மறக்கவே இல்லை.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு முறையும், அம்மா அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் அழுதாள். நாலாவது தடவைக்குப் பிறகு இவள் சொல்வதை விட்டுவிட்டாள். பெரியவள் வரட்டும் என்று அம்மா சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள். இவள் ஊட்டினாலும் சரி, பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண் ஊட்டினாலும் சரி, இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஆள் பாதியாகிவிட்டாள்.

கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அம்மா தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அந்தக் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துட்டியாடி."

அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டாள். அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துக் கொடுக்கச் சொன்னாள்.

இவள் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தபோது, அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னவ இன்னும் வரலையே. நாளெல்லாம் வெயில்ல கிடந்துட்டு வருவா, பாவம். அவளுக்கு எடுத்து வச்சியா?"

சின்னவளை அம்மா இப்படித் தேடுவதை இவள் ஒருநாளும் காதால் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருக்க முடியும். அந்த நேரத்தில் எல்லாம் அவள் வண்டியில் இருந்தாள்.

"வச்சிருக்கேம்மா. வந்துருவா," என்றாள், அக்காவின் குரலில்.

அம்மா தலையாட்டினாள். பார்வை மட்டும் வாசலை விட்டு அகலவில்லை.