மகன் இருக்கிற வீடு

“வீட்டுல யாரும் இல்ல, தனியாத்தான் இருக்கேன்னு மனுவில போட்டிருக்கே?”

“அது தப்பும்மா. என் மகன் என்கூடத்தான் இருக்கான்” என்றார் பெரியவர், கொஞ்சம்கூடக் கூசாமல்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸில் அவளுக்குக் ‘கழுகு’ என்று பேர். பொய் கிளெய்ம் போட்டு அவளிடம் தப்பியவர்கள் கிடையாது.

மனுவில் கேட்டிருந்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு அழுத்து, ஆம்புலன்ஸ் வந்துவிடும். மாசாமாசம் வரும் பில்லைக் கம்பெனியே கட்டும். ஒரே ஒரு கண்டிஷன், ஆள் தனியாக இருக்க வேண்டும்.

இங்கேயோ வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. கொடியில் இளவட்டங்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை. மேஜையில் குடித்துவிட்டு வைத்த இரண்டு காபி கப். அட மனுஷா, மனுவில் பொய் சொல்வதைத்தான் சொன்னீர், இதையெல்லாம் ஒளித்தாவது வைத்திருக்கக் கூடாதா?

“எங்கே உங்க மகன்?”

“இப்பத்தான் கடைக்குப் போனான். என்னை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டான். ராத்திரி நான் லேசா இருமினாக்கூட ஓடி வந்துடுவான்னா பாத்துக்குங்களேன்!”

சொல்லும்போது ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. நெற்றியில் தையல் போட்ட தழும்பு.

“ஐயா, மகன் இருந்தா பட்டன் கிடைக்காது. தெரியுமில்ல?”

“தெரியும்மா. கிடைக்காட்டிப் போகுது. தங்கமான பிள்ளை இருக்கிறப்ப எனக்கெதுக்கு அதெல்லாம்?”

மாட்டிக்கொண்ட பிறகும் என்ன எகத்தாளம்! ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

எதிர்வீட்டு அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“பட்டன் கிடைச்சிடுமில்ல மேடம்? நான்தான் அவருக்காக எழுதிப் போட்டேன்.”

“பொய் எழுதிப் போட உங்களுக்கு வெக்கமா இல்ல? மகன் கூடவே இருக்கான்னு அவரே சொல்றாரு!”

“மகனா?” அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அவன் இந்த வாசப்படி மிதிச்சு வருஷக்கணக்காச்சு மேடம். போன மாசம் மனுஷன் பாத்ரூம்ல விழுந்து, கேக்க நாதியில்லாம ரத்தத்துல கிடந்தாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து அவனுக்குப் போன் போட்டாங்க. அதுக்கும் வரல. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னதும் அவனோட பழைய ஷூவை எடுத்துத் துடைச்சாரு. சட்டையை நனைச்சுக் காயப்போட்டாரு. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.”

கழுகு திரும்பி உள்ளே போனாள்.

“ஏன் ஐயா இப்படிப் பண்ணீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா பட்டன் கிடைச்சிருக்குமே! மறுபடி விழுந்தா உயிரே போயிடும்.”

பெரியவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போனாப் போகட்டும்மா. பெத்த அப்பனைத் தவிக்க விட்டுட்டான்னு என் வாயாலேயே சொல்லி, நீங்க அதை எழுதி, நாலு பேர் அவனைக் காறித் துப்பணுமா? எப்படியிருந்தாலும் என் பிள்ளை.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுதியதை அடித்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மகன் வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார், இப்போதைக்குப் பெரியவர் தனியா இருக்கார்னு நானே எழுதிக்கிறேன். அவர் மேல ஒரு சொல் விழாது. அவர் வர்ற வரைக்கும் பட்டன் உங்க கழுத்துல கிடக்கட்டும். வந்ததும் திருப்பிக் குடுத்துடுங்க, போதுமா?”

இவ்வளவு நேரம் மகனைப் பற்றி அளந்து தள்ளிய மனுஷன், குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

“வருவானாம்மா?”